மஞ்சத்தண்ணிக்கு நின்ற காடு

பெரியகாடு துளுக்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. துளசிமணி கையிலிருந்த மஞ்சத்தண்ணிச் சொம்பைக் கவிழ்த்து முடித்திருந்தாள், பூசாரி நாச்சிமுத்து கண்ணை மூடி நின்றிருந்தார், சோலார் கம்பெனி மேலாளர் ஜெயசீலன் நாலாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேடைமேல் காவல்சாமி கருப்பராயன் முறுக்கிய மீசையோடு சும்மா இருந்தார், அந்த நேரம் பார்த்து அறுபது ஏக்கர் மேய்ச்சல் காடும் ஒரு கெடாயைப் போலக் காதிலிருந்து வால்வரைக்கும் சிலிர்த்து ஒரு உதறு உதறியது. காட்டுக்குக் காது எது, வால் எது என்று கேட்பீர்கள். அன்றைக்கு அங்கே நின்ற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஈசானி மூலைதான் காது என்று அடித்துச் சொல்வார்கள், அங்கேதான் முதலில் ஆடியது.

எங்கள் பக்கத்தில் சாமிக்குக் கெடாய் வெட்டுவதென்றால் கெடாயின் சம்மதம் வேண்டும். முதுகில் மஞ்சத்தண்ணியை ஊற்றி, என்ன கேட்க வேண்டுமோ அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டு எல்லாரும் கையைக் கட்டி நிற்போம். கெடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் அதற்குத் துளுக்கு என்று பேர், துளுக்கினால் சம்மதம், அதற்கப்புறம்தான் அருவாளுக்கு வேலை. துளுக்காமல் நின்றால் வெட்டக்கூடாது. வெட்டாமல் சாமி பேரில் சும்மா அவிழ்த்துவிடுகிற கெடாய் வேறு. அதற்குத் தண்ணியும் கிடையாது, துளுக்கும் கிடையாது. காதில் ஒரு கீறல், அவ்வளவுதான், அது பாட்டுக்கு ஊர் மேய்ந்துகொண்டு திரியும், எந்தத் தோட்டத்தில் வாயை வைத்தாலும் யாரும் அடிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் வெள்வேலம்பாளையத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். துளசிமணிக்குத் தெரியாதா? பதிமூன்று மாட்டை வைத்து இருபத்தாறு வருசமாக மேய்த்தவள், எந்தச் செடிக்கடியில் எந்தக் கவுதாரி எத்தனை முட்டை இட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள். ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு பேர் மத்தியில் யாராவது ஒன்று கேட்டுவிட்டால் மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

நடந்தது இதுதான். தெற்கே நொச்சிவலசில் அறுபது ஏக்கர் கொரங்காட்டை வாங்கிக் கம்பெனி சோலார் பலகை பரப்பிவிட்டது. கொரங்காடு என்றால் அடர்ந்த வனம் இல்லை. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லை அதன் போக்கில் முளைக்கவிட்டு, ஊடே ஊடே வெள்வேல மரம் நிற்கிற மானாவாரி மேய்ச்சல் காடு. படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டுவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம், மாடும் முயலும் கவுதாரியும் அவையவை பாட்டைப் பார்த்துக்கொள்ளும். கம்பெனிக்குப் பணம் கொடுத்தது ஒரு வெளிநாட்டு வங்கி, அந்த வங்கிக்கு ஒரு சட்டம், எத்தனை ஏக்கரில் உயிர்களின் இருப்பிடத்தை மூடினாயோ அத்தனை ஏக்கரை வேறிடத்தில் வாங்கிக் காலத்துக்கும் காப்பாற்றி வை என்று. அப்படித்தான் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தவரிடமிருந்து பெரியகாடு விலைக்கு வாங்கப்பட்டு, ஊரே சேர்ந்து கருப்பராயனுக்காகத் தொடங்கிய அறக்கட்டளையின் பேரில் எழுதப்பட்டது. இனி அதை யாரும் விற்க முடியாது, தோண்ட முடியாது. வேலிக்கும் தண்ணித்தொட்டிக்கும் காவலுக்கும் வேண்டியதை வங்கியில் போட்ட பணத்தின் வட்டி பார்த்துக்கொள்ளும். அறக்கட்டளைத் தலைவியாகத் துளசிமணியைப் போட்டார்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவளாச்சே, அவளுக்கு எந்தப் பக்கமும் சாய வேண்டிய அவசியமில்லை என்று ஊர் நினைத்தது.

பத்திரம் முடிந்த அன்றைக்குக் கூட்டத்தில் ஜெயசீலன் மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார், "சாமிக்கு ஒண்ண விடுறதுன்னா உங்க ஊர்ல என்னம்மா வழக்கம்?"

"மஞ்சத்தண்ணி ஊத்திக் கேக்கறதுதானுங்க" என்றாள் துளசிமணி. வாய் முந்திக்கொண்டது. பூசாரி நாச்சிமுத்து திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ மஞ்சள் கரைக்கப் போய்விட்டார்கள்.

காடு உதறியதில் என்னென்ன தெறித்தது என்பதைத்தான் ஊர் வெகுநாள் பேசியது. தன்னுடையது இல்லாத எதையும் காடு மேலே வைத்துக்கொள்ளவில்லை. சீமைக்கருவேல மரங்கள் வேரோடு பறந்துபோய் ரோட்டோரம் வரிசையாகப் படுத்துக்கொண்டன, சர்வேக்காரர் நட்ட கல்லெல்லாம் தாலுக்கா ஆபீஸ் வாசலில் போய் நின்றன, நாற்பது வருசக் குப்பை ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு யார் யார் போட்டதோ அவரவர் வீட்டு வாசலிலேயே இறங்கியது. அதைத்தான் தாங்க முடியவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் பிராந்திப் பாட்டில் இடுப்பு உயரம், சத்துணவு டீச்சர் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தி எழுதிக் கிழித்துப்போட்ட கடிதாசிகள் துண்டோடு துண்டு ஒட்டி முழுசாக, பூசாரி வீட்டிலேயே பீடிக்கட்டு அட்டை கூடை கூடையாக. "நீங்க பீடியை உட்டு பதினஞ்சு வருசமாச்சுன்னு சொன்னீங்களே!" என்று பூசாரியின் சம்சாரம் கேட்ட கேள்வி மேற்கே எட்டு வீடு வரை கேட்டது.

மூன்று நாள் ஊர் கூட்டிப் பெருக்கியது. நாலாவது நாள் பழக்கமாகிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, அடங்கல் பதிவேட்டில் 'மேய்ச்சல் தரிசு, துளுக்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துப் போனார். பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் அந்த நாளுக்கு லீவு என்று தீர்மானம் ஆனது. பசும்பால் ஒரு வாரம் லேசாக மஞ்சள் வாடை அடித்தது, பால் சொசைட்டியில் முதலில் வேண்டாம் என்றார்கள், அப்புறம் சளிக்கு நல்லது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கவும் பேசாமல் எடுத்துக்கொண்டார்கள். பொண்ணு பார்க்க வந்த ஒறம்பரை "புள்ள எப்பப் பொறந்துச்சுங்க?" என்று கேட்டால், "காடு துளுக்கறதுக்கு இருபது வருசம் முன்னாடிங்" என்று சொல்லத் தொடங்கினார்கள். சர்வே கல் மறுபடி நட்டால் நிற்குமோ நிற்காதோ என்று பயந்து சுற்றிலும் கிளுவைக் குச்சியையே ஊன்றினார்கள், அது ஆவணி மழைக்குத் துளிர்த்து ஆளுயரம் வளர்ந்தது. சீமைக்கருவேலம் போன இடத்தில் கொழுக்கட்டைப்புல் முழங்கால் தொட்டது. கவுதாரி பெருத்தது, முயல் பெருத்தது, வானம்பாடி மேலே போய் நின்றுகொண்டு காலங்காத்தால ஊரைத் தூங்கவிடாமல் கத்தியது.

ஆனால் பூசாரி நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் துளசிமணியின் கட்டுத்தரைக்கு வந்து, சாணி அள்ளிக்கொண்டிருந்தவளிடம், "அம்மிணி, உன்ற வாயால வந்த வெனையைப் பாத்தியா? துளுக்கு வாங்குன கெடாயை வெட்டாம வெச்சிருக்கோம். அது கழுத்தை நீட்டிட்டு நிக்கற மாதிரியே இருக்குதாயா எனக்கு. சாமிக்கு என்ன பதில் சொல்றது?" என்றார்.

துளசிமணி சாணியை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, ஐந்து மைல் தெற்கே நொச்சிவலசுக்கு நடந்தே போனாள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மண் தெரியாமல் பலகை மூடிய அறுபது ஏக்கரையும் கூட்டில்லாத கவுதாரி ஒன்று பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓடி ஓடித் திரும்புவதையும் பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்தாள். கவுதாரியைப் பார்த்ததும் அழுகை வந்தது, அழுதாள். திரும்பி வந்து பூசாரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வெட்டு ஏற்கெனவே உழுந்துருச்சுங்க மாமா. அங்க வெட்டுனாங்க, கேக்காம வெட்டுனாங்க. கேட்டது இங்க, சம்மதம் சொன்னது இங்க. அதுக்கும் இதுக்கும் செரியாப் போச்சுங்க. இனி ஒரு அடி மண்ணை வெட்டோணும்னாலும் மொதல்ல கேட்டுப்போட்டுத்தான்."

பூசாரி உள்ளே திரும்பி, "எனக்கு ஒரு வட்டல் சோறு போடு" என்றார். ஊரும் அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டது.

ஜெயசீலனும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தார். மனுசன் கெட்டவரில்லை, எதையும் எழுத்தில் ஒழுங்காக வைக்கிறவர். வங்கிக்கு அனுப்பிய அறிக்கையில் 'ஊராரின் சம்மதம்: பெறப்பட்டது' என்கிற வரிக்குக் கீழே, தன் கண்ணால் பார்த்ததை மறைக்க மனசில்லாமல், 'நிலத்தின் சம்மதம்: பெறப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். வங்கிக்காரர்களுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய், இனி எல்லா வேலைக்கும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம், அதை நிரப்பியாக வேண்டும் என்று அச்சடித்தே விட்டார்கள்.

இரண்டு வருசம் கழித்து மார்கழிக் கடைசியில் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கண் வைத்தது மேக்காட்டின்மேல். பெரியகாட்டை ஒட்டி மேற்கே இருபத்திரண்டு ஏக்கர், துளசிமணியின் தம்பி மயில்சாமிக்கு அப்பன் வழி வந்த கொரங்காடு, அவளுடைய பதிமூன்று மாடும் பாதி வருசம் மேய்கிற இடம். சின்ன வயசில் அவள் பாவாடையில் கவுதாரிக் குஞ்சைக் கட்டிக்கொண்டு ஓடிய காடு அது; பத்திரத்தில் அவள் பெயர் இல்லை என்பது அவள் காலுக்குத் தெரியாது.

மயில்சாமிக்கு விற்கத்தான் ஆசை. இருபது வயசிலிருந்து அவனுக்குக் கனவெல்லாம் பத்துச்சக்கர லாரி. "அக்கா, எனக்கும் வயசு நாப்பதாச்சு. புல்லு மொளைக்கறதையே பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? உனக்குத்தான் பெரியகாடு இருக்குதல்ல?"

அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கஷ்டம். அவன் கேட்டதில் தப்பில்லை.

ஜெயசீலன் ஒரு காகிதத்தை நீட்டினார். "பெரியகாடு நாங்க எதிர்பார்த்ததைவிட ரெண்டு மடங்கு செழிச்சிருக்கும்மா. அந்த அதிகப்படியை மேக்காட்டுக்கு ஈடா வச்சுக்கலாம். புதுசா நிலம் வாங்க வேண்டியதில்ல. அறக்கட்டளைத் தலைவர் கையெழுத்து மட்டும் போதும்."

"ஒரு கெடாயைக் காட்டி ரெண்டு வேண்டுதல் தீத்துக்கறதா சாமி?" என்றாள் துளசிமணி. "எங்கூர்ல அப்படி வழக்கமில்லீங்க. நீங்க வெட்டப்போறது மேக்காடு. மேக்காட்டையே கேளுங்க. துளுக்குச்சுன்னா நான் கையெழுத்துப் போடறேன். துளுக்கலைன்னா என்ற தம்பி காட்டையும் நீங்களே வெலைக்கு வாங்கிப் பெரியகாட்டோட சேத்து உட்ருங்க."

எப்படியும் கட்டத்தை நிரப்பியாக வேண்டியிருந்தது, ஜெயசீலன் ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகுதான் துளசிமணிக்கு உறைத்தது. காடு பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். துளுக்கிவிட்டால்? தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது, கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது உப்பைப் போட மறந்தாள், போட்டதை மறந்து மறுபடி போட்டாள்.

தை மாசம் மூன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கே ஊர் மேக்காட்டில் கூடிவிட்டது. பனி புல்நுனியெல்லாம் நின்றது, பேசினால் வாயில் புகை வந்தது. பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். "மேக்காட்டம்மா, உன்னைக் கம்பெனிக்குக் குடுக்கச் சம்மதமா?" காடு அசையவில்லை. இரண்டாவது சொம்பு. ஒரு கவுதாரி எழுந்து பறந்தது, வேறொன்றுமில்லை. மூன்றாவது சொம்புக்கு மயில்சாமியே முன்னால் வந்து, மண்ணில் முட்டிபோட்டு, "நான் என்ன கொறை வெச்சேன், சொல்லாயா" என்று கேட்டான். காடு நின்றது, கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது.

துளசிமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் ஜெயசீலன் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அவர் விசாரித்து வைத்திருந்தார். நம்மூரில் எல்லாரும் அறிந்து யாரும் சத்தமாகச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டல்லவா, போதுமான அளவு தண்ணியை ஊற்றினால் எந்தக் கெடாயும் குளிர்தாங்காமல் ஒரு கட்டத்தில் துளுக்கித்தான் தீரும் என்று. படலுக்கு வெளியே உறுமிக்கொண்டு ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. பன்னிரண்டாயிரம் லிட்டர். ஈரோட்டிலிருந்து நாலு மூட்டை மஞ்சள்தூள் வரவழைத்துக் கலக்கியிருந்தார்.

"வழக்கத்துல தண்ணிக்கு அளவு ஏதும் இருக்கா பூசாரி ஐயா?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க."

"அட கெரகமே" என்றார் யாரோ கூட்டத்தில்.

குழாயைத் திறந்தார்கள். மஞ்சத்தண்ணி மேக்காட்டுக்குள் பாய்ந்து புல்லுக்கடியில் புகுந்து, வெள்வேல மரத்தடியில் சுழித்து, வெடிப்பு வெடிப்பாக இறங்கியது. ஐப்பசி மழையும் பொய்த்து ஆறு மாசம் மழை காணாத காடு பாருங்கள், பந்திக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி ஊற்ற ஊற்றக் குடித்தது. பாதி லாரி போயிற்று. முக்கால் லாரி போயிற்று. துளசிமணி கருப்பராயனைத் திட்டினாள், வேண்டினாள், மறுபடி திட்டினாள். ஒவ்வொரு புல் அசையும்போதும் அது காற்றா துளுக்கா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். மயில்சாமி எப்போது எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான் என்று அவளுக்குத் தெரியவில்லை. "அக்கா," என்றான் மெதுவாக, "இப்படி ஊத்தி வாங்கறது சம்மதமாக்கா?"

ஜெயசீலனுக்குப் பொறுமை போய்விட்டது. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஓட்டுநர் கையிலிருந்த குழாயைத் தானே பிடுங்கி, "இங்க, இந்த மூலையில விடணும், இதுதானே காது?" என்று ஈசானி மூலையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். அந்த நேரம் தைமாசத்து வாடைக்காற்று ஒன்று எதிரே திரும்பியது. பாய்ந்த தண்ணி அத்தனையும் காற்றில் வளைந்து வந்து அவர் தலையிலேயே கொட்டியது.

துளசிமணியின் மூளை யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"சாமி! மேக்காட்டைக் கருப்பராயனுக்கே உட்டுரச் சம்மதமா?"

ஜெயசீலன், மண்டல மேலாளர், நாற்பத்தொன்பது வயசு, மஞ்சள் சொட்டச் சொட்ட நின்ற இடத்தில், காதிலிருந்து கால்கட்டைவிரல் வரைக்கும் சிலிர்த்து, ஒரு உதறு உதறினார். மூக்குக்கண்ணாடி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

உடனே பொம்பளைகள் போட்டார்களே ஒரு கொலவை, நொச்சிவலசில் வேலை பார்த்தவர்கள் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். பூசாரி நாச்சிமுத்து வழக்கம் மாறாமல் கருப்பராயன் மேடைக்குப் போய் அருவாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஜெயசீலன் அருவாளைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், இரண்டாவது தடவையும் உதறினார்.

"பயப்படாதீங்க சாமி" என்று துளசிமணி தன் முந்தானையாலேயே அவர் தலையைத் துவட்டிவிட்டாள். "நாங்க வெட்டறதில்லீங்க. மாமா, அதைக் கொண்டுபோய் வெய்யுங்க. சும்மா உட்ருவோம்."

"நான் குளுருலதான்மா..."

"எல்லாக் கெடாயும் குளுருலதானுங்க துளுக்குது" என்றாள். "கட்டத்துல எழுதிக்கங்க."

அத்தனை தண்ணியையும் குடித்துவிட்டு அசையாமல் நிற்கிற காட்டை ஜெயசீலன் பார்த்தார். மற்றவர்களிடம் வாங்கும்போது செல்லும் என்றால் தன்னிடம் வாங்கியதும் செல்லத்தானே வேண்டும்? எழுத்தில் ஒழுங்காக வைக்கிறவர் என்று முதலிலேயே சொன்னேன். ஈரக்கையாலேயே எழுதினார். 'சம்மதம்: பெறப்பட்டது. கொடுத்தவர்: ஜெயசீலன்.' அந்தக் காகிதத்தில் மஞ்சள் கறை இன்றைக்கும் இருக்கிறது.

கம்பெனி மேக்காட்டைச் சந்தை விலைக்கே வாங்கிப் பெரியகாட்டோடு அறக்கட்டளையில் சேர்த்தது. பலகைகளை வைக்க, மூடிக்கிடந்த நூல்மில்லின் கூரை இரண்டு ஏக்கர் கணக்கில் கிடைத்தது, அப்புறம் அதைப் போல இன்னும் ஐந்து மில். மயில்சாமி பத்துச்சக்கர லாரி வாங்கினான். முதல் லோடு அந்தப் பலகைகள்தான், வண்டி நெற்றியில் 'மேக்காடு' என்று மஞ்சளில் எழுதி வைத்திருந்தான். பன்னிரண்டாயிரம் லிட்டர் குடித்த காட்டில் அந்தக் கோடையில் புல் இடுப்புக்கு நின்றது, துளசிமணியின் பதிமூன்று மாடு பதினேழானது.

ஜெயசீலன் வருசத்துக்கு ஒருமுறை வருகிறார். சாமிக்கு அவிழ்த்துவிடப்பட்டவர் அல்லவா, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இலை போடுவார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மற்ற ஊர்களில் நிலம் பார்க்கப் போகும்போது அவர் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் ஒரு சொம்புத் தண்ணி கேட்கிறாராம். கொண்டுவந்து கொடுத்தால் குடிப்பதில்லையாம். குனிந்து மண்ணில் ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறாராம்.